முறத்தில் ஒரு கப்பல்

வைகையில் கணுக்கால் நனையக்கூடத் தண்ணீர் ஓடாத வருஷம் அது. எண்பத்து மூன்று. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடியில் அடித்துக்கொண்டு கிடந்த அந்தக் கோடையில்தான், பார்த்து வைத்த மாதிரி, முத்திருளன் வீட்டுக்குக் கப்பல் வந்து சேர்ந்தது.

சேதியைக் கொண்டுவந்தவள் அன்னக்கொடி. கே.கே. நகரில் அக்கா ரெங்கம்மாள் வீட்டுக்குப் போய்விட்டு விளாங்குடி வந்து இறங்கியவள், கூடையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“சிங்கப்பூர்லருந்து என் தம்பி சுருளி ஆள்கிட்டச் சாமான் குடுத்து விட்டிருக்கான். எனக்கும் அக்காவுக்கும் ஆளுக்கொரு ஜார்ஜெட் சேலை. ஒங்களுக்குச் சட்டைத்துணியும் கோடாலித் தைலமும்.”

அவள் புருஷன் கண்ணுச்சாமி சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே கேட்டான். “சகலைக்கு?”

“பெரிய மச்சானுக்குக் கப்பல்.”

“என்னது?”

“கப்பலுங்க. பாய்மரக் கப்பல். பெட்டி மேல படம் போட்டிருக்கு. யாத்தே, எம்புட்டுப் பாயி, எம்புட்டுக் கயிறு! உள்ள துண்டு துண்டா இருக்குமாம். ஒண்ணோட ஒண்ண ஒட்டணுமாம். ஒட்டி முடிச்சா ஒரு முழ நீளத்துக்கு அசல் கப்பல் நிக்குமாம்.”

எண்ணெய் செயினில் விழவில்லை, தரையில் ஒழுகியது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணுச்சாமி பொல்லாதவன் இல்லை. அடுத்தவன் காசுக்கு ஆசைப்பட்டதில்லை, வாய்த்துடுக்குக் கிடையாது. ஆனால் மூத்த சகலை முத்திருளன் என்றால் மட்டும் அவனுக்கு வயிற்றுக்குள் ஓர் அடுப்பு எரியும். கல்யாணம் ஆன நாளாகப் பன்னிரண்டு வருஷமாக அணையாத அடுப்பு. கருமாத்தூர்ப் பக்கம் மாமனார் வீட்டுக்கு இரண்டு மாப்பிள்ளைகளும் விருந்துக்குப் போனால் முதல் இலை முத்திருளனுக்கு. கிடா வெட்டினால் ஈரல் அவருக்கு, எலும்பு இவனுக்கு. அவருக்குக் கட்டில், இவனுக்குப் பாய். கேட்டால் மூத்த மாப்பிள்ளை என்பார்கள். மூத்ததாம் மூத்தது! கலெக்டர் ஆபீஸ் உத்தியோகம் என்று நேராகச் சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே.

போகட்டும், ஈரலை விட்டுத்தள்ளினான். கட்டிலையும் விட்டான். கப்பலை எப்படி விடுவது? கண்ணுச்சாமி மில்லில் ஃபிட்டர். நூல் நூற்கிற மெஷின் ஓடுகிற சத்தத்தைக் காதால் கேட்டே எந்த பேரிங் தேய்ந்துவிட்டது என்று சொல்லுகிறவன். மெஷினைப் பிரித்தானென்றால், கழற்றுகிற ஒவ்வொரு உருப்படிக்கும் நம்பர் எழுதிய அட்டையை நூலில் கட்டித் தொங்கவிட்ட பிறகுதான் அடுத்த நட்டில் ஸ்பேனரை வைப்பான். யாராவது அட்டை கட்டாமல் நாலு போல்ட்டைக் கழற்றினால் அன்றைக்கு மில் அதிரும்படி கத்துவான். அப்பேர்ப்பட்ட கைக்குக் கோடாலித் தைலம். ஆணி அடித்தால் விரலில் அடித்துக்கொள்கிற முத்திருளனுக்குக் கப்பல். சுருளிக்குப் புத்தி கடலிலே போய்விட்டதா?

“குரங்கு கையில பூமாலை” என்றான்.

“யாரைச் சொல்றீங்க?”

“குரங்கைத்தான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான். தொட்டியில் தண்ணீர் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கே.கே. நகருக்கு சைக்கிளை மிதித்தான். சட்டைத்துணியை வாங்கிவரப் போவதாக அன்னக்கொடியிடம் சொன்னான். அவளே கையோடு கொண்டுவந்திருந்த துணி அது. “அது பீரோவுல இருக்கே” என்று அவள் சொல்வதற்குள் தெருமுனை தாண்டிவிட்டான்.

முத்திருளன் வீட்டுக் கூடத்தில் பேப்பர் விரித்து, அதன்மேல் பெட்டி திறந்திருந்தது. கண்ணுச்சாமி எட்டிப் பார்த்தான். பார்க்காமல் இருந்திருக்கலாம். கப்பலின் உடம்பு இரண்டு பாதியாக, வாழைப்பூ மடல் மாதிரி வளைந்து கிடந்தது. பலகைக்குப் பலகை கோடு, கோட்டுக்குக் கோடு ஆணித்தலை. குண்டூசித் தலை அளவுக்கு ஆணி! நகநீளப் பீரங்கிகள், படிக்கட்டு, நங்கூரம், கொடிக்கம்பம். எல்லாம் பிளாஸ்டிக் சட்டங்களில் ஈர்க்கில் இலை ஒட்டியிருப்பதுபோலச் சின்னச் சின்னக் காம்புகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு காம்புக்கும் பக்கத்தில் அரிசி அளவில் ஒரு நம்பர்.

பார்த்த மாத்திரத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. படத்தாளில் முப்பத்தாறு என்று போட்டிருந்தால், முப்பத்தாறாம் காம்பில் இருப்பதைப் பிய்த்து ஒட்ட வேண்டும். அதுவரை சட்டத்திலேயே இருக்க வேண்டும். இவன் மில்லில் கட்டுகிற அட்டைக்குப் பதில் இங்கே காம்பு. அவ்வளவுதான். இதைச் செய்தவன் எந்த நாட்டுக்காரனோ, அவனும் ஒரு ஃபிட்டர்தான்.

“வா சகல, வா” என்று முத்திருளன் எழுந்தார். முகமெல்லாம் பல். “நூத்தி எம்பத்தாறு உருப்படி. ராத்திரி உக்காந்து எண்ணிப் பார்த்தேன். ஒண்ணுகூடக் குறையல.” படத்தாளில் ஆபீஸ் ஃபைல் மாதிரி சிவப்புப் பென்சிலால் ஓரமெல்லாம் டிக் அடித்திருந்தார். “இன்னைக்குத்தான் ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். பாரு, கூட வந்த பசை காஞ்சு கல்லாக் கெடக்கு. டவுனுக்குப் போயி வேற வாங்கிட்டு வாரேன். நீ உக்காரு, காப்பி குடி. ஒன் கையாலதான் முதல் துண்ட எடுத்துக் குடுக்கணும்.”

எடுத்துக் கொடுப்பதற்கு நான், ஒட்டிப் பேர் வாங்குவதற்கு நீ. கண்ணுச்சாமி சிரித்துவைத்தான். அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது.

முத்திருளன் போனார். ரெங்கம்மாள் காப்பியைக் கொடுத்துவிட்டு, முறத்தில் முருங்கைக்கீரையைப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். கண்ணுச்சாமியிடம் எப்போதும் பிரியமாக இருக்கிறவள் அவள். வீட்டில் ஃபேன் நின்றாலும் குழாய் ஒழுகினாலும் ‘விளாங்குடித் தம்பி வரட்டும்’ என்றுதான் சொல்வாள். கீரையை ஆய்ந்துகொண்டே பெட்டியைப் பார்த்தாள்.

“நூத்தி எம்பத்தாறாம். இவுக ஒண்ணொண்ணா எப்பப் பிச்சு, எப்ப ஒட்டி, எப்ப முடிக்கப் போறாகளோ தெரியல. கண்ணும் சரியாத் தெரியாது. ஏந்தம்பி, வாரதுக்குள்ள இதையும் கீரை மாதிரி ஆஞ்சு வச்சுட்டா அவுகளுக்குச் சுளுவா இருக்குமில்ல?”

கண்ணுச்சாமி வாயருகே கொண்டுபோன காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

வேண்டாம் மதினி. இரண்டே வார்த்தைதான். சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சமயம் பார்த்துச் சுவரில் இருந்த கண்ணாடி ஷோகேஸ் கண்ணில் பட்டது. நடுத்தட்டை முழுசாகக் காலிசெய்து, வெள்ளைத் துணி விரித்து வைத்திருந்தார்கள். கப்பல் நிற்பதற்கு. நாளைக்குச் சுருளி வருவான், மாமனார் வருவார், சொந்தபந்தம் எல்லாம் வரும். ‘மூத்த மாப்ள கைவேலையப் பாருங்கப்பா’ என்று வாயைப் பிளக்கும். இருந்த ஒரே பெயரும் போச்சு. ஈரல் போனது, கட்டில் போனது, இப்போது கையும் போகப் போகிறது.

“ஆஞ்சிருங்க மதினி” என்றான். “அப்பத்தான் ஒட்ட வசதி.”

ரெங்கம்மாள் ஒரு சட்டத்தைக் கையில் எடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். “சரி, நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஆயத் தொடங்கினாள். பத்து வயதிலிருந்து கீரை ஆய்கிற விரல்கள். படபடவென்று பீரங்கி உதிர்ந்தது, ஏணி உதிர்ந்தது, நங்கூரம் உதிர்ந்தது. அரைமணி நேரத்தில் கப்பல் முழுவதும் முறத்துக்கு வந்துவிட்டது. வெறும் காம்புகள் ஒரு பக்கம் குவிந்தன.

அவள் பெருக்குமாற்றை எடுத்தாள். “குடுங்க, நான் கொட்டிட்டு வாரேன்” என்று கண்ணுச்சாமி எழுந்தான். தன் வீட்டில் ஒரு நாளும் குப்பை அள்ளியறியாத மனுஷன்! முருங்கைக் காம்பையும் கப்பல் காம்பையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனான். தெருமுனைக் காலிமனையில் யாரோ குப்பையைக் கொளுத்திவிட்டிருந்தார்கள். கொட்டினான். கருப்புப் புகை குப்பென்று எழும்பி மூக்கில் ஏறியது. இருமிக்கொண்டே திரும்பி வந்தான்.

முத்திருளன் புதுப் பசையோடு வந்தவர் வாசல்படியிலேயே நின்றுவிட்டார். முறத்தைப் பார்த்தார்.

“காம்பெல்லாம் எங்க?”

“ஆஞ்சு போட்டாச்சு” என்றாள் ரெங்கம்மாள்.

“அடிப்பாவி! அதுலதானேடி நம்பர் இருந்துச்சு!” ஓடிவந்து முறத்தைக் கிளறினார். “எது எதுன்னு எப்படி இனித் தெரியும்? யாரு ஒன்னைய இந்த வேலையச் செய்யச் சொன்னது?”

இப்போது கையை நீட்டப் போகிறாள், நீட்டியே விட்டாள் என்று கண்ணுச்சாமி காத்திருந்தான். ரெங்கம்மாள் அவன் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள்.

“யாரும் சொல்லல. நான்தான் செஞ்சேன். கூறுகெட்டுப் போயிச் செஞ்சுட்டேன்.”

முத்திருளன் அவளை அன்றைக்குத் திட்டிய திட்டு கொஞ்சநஞ்சமில்லை. பிறகு ஓய்ந்துபோய், முறத்தின் முன்னால் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். கண்ணுச்சாமி சாப்பாட்டுக்கு நிற்காமல் சைக்கிளை எடுத்தான். வழியெல்லாம் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தான். பாத்திமா காலேஜ் வரைக்கும் கொஞ்சம் வந்தது. அதற்கப்புறம் புகை நாற்றந்தான் வந்தது.

பத்து நாள் போனது. மில்லில் பகல் ஷிப்ட் முடிந்து கண்ணுச்சாமி வீட்டுக்கு வந்தபோது முத்திருளன் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பெட்டி.

“பெரிய மச்சான் நமக்கு என்ன கொண்டாந்திருக்காகன்னு பாருங்க” என்றாள் அன்னக்கொடி. அவள் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு.

“எனக்கு ஆகல சகல” என்றார் முத்திருளன். “பத்து நாளாப் பார்த்துட்டேன். ரெண்டு துண்ட ஒட்டினேன். ஒண்ணு கைப்பிடின்னு நெனச்சா அது கூரையாம். எல்லாம் ஒரே சாயலா இருக்கு. இது ஒன் கைக்குத்தான் அடங்கும். நீயே செஞ்சு நீயே வச்சுக்க.”

பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஈரல் தானாகத் தன் இலைக்கு வருகிறது. கண்ணுச்சாமிக்குத் துள்ளிக் குதிக்கத்தான் வேண்டும். “ஏன், ஓங்களுக்குத்தானே சுருளி குடுத்துவிட்டான்” என்றான், வாய்க்கு வந்ததை.

முத்திருளன் கூச்சத்தோடு சிரித்தார். “அவனா எங்க குடுத்துவிட்டான்? நான்ல கடுதாசி போட்டுக் கேட்டேன். கைவேலை தெரியாதவனும் செய்யிற மாதிரி எதாச்சும் சாமான் இருந்தா அனுப்புடான்னு. நம்பர் பார்த்து ஒட்டினாப் போதும் மச்சான், ஒங்களாலயே முடியும்னு எழுதியிருந்தான்.” கொஞ்சம் நிறுத்தினார். “வெக்கத்த விட்டுச் சொல்றேன் சகல. வீட்டுல எது ஒடஞ்சாலும் விளாங்குடித் தம்பி, விளாங்குடித் தம்பி. மாமனாரும் அதேதான். சின்ன மாப்ள செஞ்ச ஊஞ்சலப் பார்த்தியா, சின்ன மாப்ள கெணத்து மோட்டார ஓட வச்சதப் பார்த்தியான்னு. நான் முதல் இலையில உக்காந்து ஈரலத் தின்னுக்கிட்டு அதக் கேட்டுக்கிட்டு இருப்பேன். தொண்டையில எறங்காது. ஒரே ஒரு சாமானாச்சும் நான் செஞ்சதுன்னு வீட்டுல நிக்கணும்னு ஆசப்பட்டேன். கை வரணுமில்ல? சரி, வாரேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை.

கண்ணுச்சாமி பெட்டியை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். ஈரல் தின்கிறவருக்கும் வயிறு எரியுமா? தன்னைப் பார்த்தா எரிந்தது? இது தெரியாமல், ஐயோ, அந்த மனுஷனுக்கென்று இருந்த ஒரே ஏணியான அந்த நம்பர்களைத் தானே கொண்டுபோய்த் தீயில் போட்டுவிட்டு வந்திருக்கிறோமே.

“எப்ப ஆரம்பிக்கப் போறீங்க?” என்றாள் அன்னக்கொடி. “நம்ம வீட்டுல டிவி வாங்குனா அதுக்கு மேல வைக்கலாம்.”

அவன் கப்பலின் இரண்டு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தான். நூலிழை பிசகாமல் சேர்ந்தது. கை குறுகுறுத்தது. பசை இருக்கிறது, படத்தாள் இருக்கிறது, எட்டே நாள். செய்துவிடலாம். செய்து இங்கேயே வைத்துக்கொள்ளலாம், அவர்தான் கொடுத்துவிட்டாரே. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷங்கூட அடுப்பு முழுசாக அணையவில்லை. சேர்த்த பாதிகளை மறுபடி பிரித்து வைப்பதற்கு அவன் படாத பாடு பட்டான்.

மறுநாள் மில்லிலிருந்து வரும்போது கழிவு நூல்கண்டு ஒன்றையும் பழைய அட்டைகள் கொஞ்சத்தையும் கொண்டுவந்தான். தினமும் வேலை முடிந்ததும் உட்கார்ந்தான். ஒரு துண்டை எடுப்பான், படத்தோடு ஒத்துப் பார்ப்பான், ஸ்கேலை வைத்து அளப்பான். பாய் கட்டுகிற கம்புகள் மட்டும் ஒன்பது, எல்லாம் ஒரே சாயல், ஒன்றுக்கொன்று அரிசி முனைதான் வித்தியாசம். தெரிந்ததும் அட்டையை நறுக்கி நம்பர் எழுதி, நூலில் கட்டித் தொங்கவிடுவான். கட்ட முடியாத பொடிசுகளைக் காகிதத்தில் மடித்து மேலே நம்பர் எழுதுவான். முத்திருளன் கோணலாக ஒட்டியிருந்த இரண்டையும் பிளேடால் பக்குவமாகப் பிரித்து அவற்றுக்கும் அட்டை போட்டான். ஒன்றைக்கூட ஒட்டவில்லை.

“இதென்ன, ஒட்டாம தாலி கட்டிக்கிட்டு இருக்கீங்க?” என்றாள் அன்னக்கொடி.

“வேலை அப்பிடி” என்றான்.

இருபத்துமூன்று நாள் ஆயிற்று. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை கேரியரில் கட்டிக்கொண்டு கே.கே. நகர் போனான்.

முத்திருளன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்தார். நூற்று எண்பத்தாறு உருப்படிக்கும் அட்டை வாலோ காகிதப் பொட்டலமோ இருந்தது. “ஒட்டலையா சகல?”

“நம்பர் மட்டும் போட்டிருக்கேன். ஒட்ட வேண்டியது நீங்க. எனக்கு இதுக்கெல்லாம் பொறுமை கெடையாது” என்றான் கண்ணுச்சாமி. வாழ்நாளில் அவன் தன் கையைப் பற்றிச் சொன்ன முதல் பொய்.

முத்திருளன் பெட்டிக்குள் படத்தாளைத் தேடி எடுத்தார், சிவப்புப் பென்சிலைத் தேடி எடுத்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பசையின் மூடியைத் திறக்கவே இரண்டு தடவை கை வழுக்கியது.

ரெங்கம்மாள் அடுப்படியில் இருந்தாள். கண்ணுச்சாமி தயங்கித் தயங்கி நிலைப்படிக்குப் போய் நின்றான்.

“மதினி, அன்னைக்கு நான்…”

“அந்தக் காம்புல நம்பர் இருந்ததை நானும் பார்த்தேன் தம்பி” என்றாள் அவள், திரும்பாமலே. “எதுக்கு நம்பர் போட்டிருக்கான்னு ஒங்ககிட்டக் கேக்கத்தான் நிமிந்தேன். மெஷின் வேலை பாக்குறவரு, அவருக்குத் தெரியாததா, ஆயச் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்னு ஆஞ்சுட்டேன்.”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். நாலு பேருக்கு முன்னால் காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். திட்டு முழுவதையும் அவளே வாங்கிக்கொண்டு, ஒரு மாதமாக ஒரு வார்த்தை வெளியே விடாமல் இருந்திருக்கிறாள்.

“தப்புத்தான் மதினி” என்றான்.

ரெங்கம்மாள் இப்போதுதான் திரும்பினாள். அடுப்பு மேடையில் இருந்த முறத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். முறம் நிறைய முருங்கைக்கீரை.

“இந்தாங்க, இத ஆயுங்க. இதுல நம்பர் கிம்பர் ஒண்ணும் இல்ல.”

கண்ணுச்சாமி முறத்தோடு கூடத்துக்கு வந்து, சகலைக்கு எதிரே உட்கார்ந்து கீரையை ஆயத் தொடங்கினான். முத்திருளன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒன்றாம் நம்பரையும் இரண்டாம் நம்பரையும் சேர்த்து அழுத்தினார். ஒரு நூல் அளவு கோணல். கண்ணுச்சாமியின் வலது கை தானாக எழுந்தது. அதை இழுத்து, மறுபடி கீரைக்குள் விட்டுக்கொண்டான்.

“நேரா இருக்கா சகல?” என்று கேட்டார் முத்திருளன்.

“நேராத்தான் இருக்கு” என்றான்.